உபுண்டுவில் ஆப்ட் பாதியில் நின்றுவிட்டது, பூட்டையும் நானே அழித்துவிட்டேன்: மெஷினைக் காப்பாற்றலாமா?

கொப்பிக்கடை மாமா, வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோகொப்பி, தட்டச்சு, பிரிண்ட், லெமினேட்டிங். மூன்று மெஷின்கள், மூன்றிலும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். ஆசைப்பட்டுப் போட்டதல்ல. முன்பு விண்டோஸ்தான் இருந்தது. வருகிற ஆட்கள் எல்லாம் பென் டிரைவைக் கொண்டுவந்து குத்துவார்கள், நாளுக்கு நாலு வைரஸ். அக்காவின் மகன் டொரொண்டோவுக்குப் போவதற்கு முன் இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து மூன்றையும் மாற்றித் தந்துவிட்டுப் போனான். "மாமா, டேர்மினலைக் கண்டு பயப்படாதீங்க. சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் என்று போட்டு, பிறகு வேண்டியதின் பெயரைப் போடுங்க, அவ்வளவுதான்" என்றான். ஆப்ட் என்பது மென்பொருளை இறக்கி நிறுவும் கட்டளையாம். போன சனிக்கிழமை வரைக்கும் அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

கட்டளைகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதுகிறேன், குறை நினைக்கவேண்டாம். பதில் எழுதுகிறவர்களும் அப்படியே எழுதினால் நல்லது. நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவைத்துத்தான் வேலை செய்கிறேன்.

விஷயம் இதுதான். பம்பலப்பிட்டியில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் தவணைப் பரீட்சை வினாத்தாளைக் கையெழுத்தில் தந்தார், பன்னிரண்டு பக்கம். இவ்வளவு நாளும் தமிழ் வேலை வந்தால் வீட்டில் கிடக்கும் பழைய விண்டோஸ் லப்டொப்பில் பாமினி எழுத்தில் அடித்து, பிடிஎப் ஆக்கிக் கடைக்குக் கொண்டுவருவேன். இந்த டீச்சர் யூனிகோட்டில்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார், பிறகு அவரே திருத்தவேண்டுமாம். எனக்கு ரெங்கநாதன் விசைப்பலகையில்தான் கை ஓடும். மருமகனுக்கு வட்ஸ்அப்பில் கேட்டேன். ஐபஸ்-எம்17என் என்ற பெக்கேஜைப் போடுங்க, அதற்குள் ரெங்கநாதன் இருக்கிறது என்று எழுதிவிட்டு நித்திரைக்குப் போய்விட்டான்.

காலை எட்டே முக்கால். கடையைத் திறந்து, மெஷினைப் போட்டு, சாம்பிராணி காட்டிவிட்டு, கட்டளையைக் கொடுத்தேன். பூட்டு கிடைக்கவில்லை, காத்திருக்கிறேன், அதை 1532ஆம் இலக்க வேலை வைத்திருக்கிறது, அதன் பெயர் அன்அட்டெண்டெட்-அப்கிரேட் என்று ஒரு வரி. பக்கத்தில் விநாடி ஓடுகிறது. நாற்பது, எண்பது, நூறு. நூற்றிருபதில் கைவிட்டுவிட்டது. திருப்பிக் கொடுத்தேன், அதே கதை. டீச்சர் பத்தரைக்கு வருவார்.

போனில் தேடினேன். ஏதோ ஒரு பக்கத்தில் மூன்று வரி இருந்தது. மூன்றும் சூடோ ஆர்எம் என்று தொடங்கும், மூன்றிலும் லொக் என்ற சொல் வரும். கீழே நூறு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். நானும் போட்டேன். உடனே வேலை செய்தது! பெக்கேஜ்கள் இறங்கின, பிரித்து வைக்கிறேன் என்று வரிகள் ஓடத் தொடங்கின. அந்த நேரம் பார்த்து ஒழுங்கை முனையில் "டம்" என்று ஒரு சத்தம். கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் இருக்கிறது, ஆனால் அதன் பட்டரி செத்து இரண்டு வருடம். மேலே மணி பிளான்ட் வைத்திருக்கிறேன்.

கரண்ட் வந்தபிறகு மெஷின் ஒழுங்காகத்தான் எழும்புகிறது. பிரவுசர் திறக்கிறது, பிரிண்ட் போகிறது. ஆனால் ஆப்ட் என்று எதைக் கொடுத்தாலும் ஒரே பதில்: டிபிகேஜி இடையில் தடைப்பட்டுவிட்டது, சூடோ டிபிகேஜி --கொன்பிகர் -ஏ என்று நீங்களே கொடுத்துச் சரிசெய்யவேண்டும்.

கொடுக்கவில்லை. ஏற்கெனவே யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் இந்த நிலை. இனி ஒரு ஆளைக் கேட்காமல் எண்டர் தட்டுவதில்லை என்று இருக்கிறேன். என் கேள்விகள்: பூட்டை அழித்ததால் எதை உடைத்தேன்? இதைச் சரிசெய்யலாமா, இல்லை முதலில் இருந்து எல்லாம் போடவேண்டுமா? ஏன் ஒவ்வொரு நாளும் காலையில் அந்த அன்அட்டெண்டெட் வந்து குந்திக்கொண்டிருக்கிறது?

டீச்சரின் வேலையை வீட்டு லப்டொப்பில் எப்படியோ ஒப்பேற்றிக் கொடுத்துவிட்டேன். அது முடிந்த கதை.


நீலத்திரை

அங்கிள், மினக்கெடவேண்டாம். வீட்டு போல்டரை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி பண்ணிவிட்டு 24.04ஐப் புதிதாகப் போடுங்கள். அரை மணித்தியால வேலை. நான் இப்படி ஏதாவது வந்தால் யோசிப்பதே இல்லை.


இரவுப்பணி, மருதானை

நீலத்திரை தம்பி சொல்வது பிழையில்லை. ஆனால் கடையில் பிரிண்டர் செட்டிங் இருக்கும், ஸ்கேனர் இருக்கும், யாரோ ஒருவர் வந்து "போன மாதம் அடித்தீங்களே" என்று கேட்கும் பைல் இருக்கும். அரை மணித்தியாலம் இரண்டு நாளாகும். ஐயா, முதலில் இதைச் செய்துபார்ப்போம்.

நான் ஒரு நிறுவனத்தில் சேர்வர்களைப் பார்க்கிறவள், இரவு ஷிப்ட். பாதியில் கரண்ட் போன டிபிகேஜி எனக்குப் புதிதல்ல.

உங்கள் பயம் நியாயமானது, ஆனால் ஆளை மாற்றிப் பயப்படுகிறீர்கள். அந்த மூன்று ஆர்எம் வரியை உங்களுக்குச் சொன்னது முகம் தெரியாத ஒருவர். டிபிகேஜி --கொன்பிகர் -ஏ என்று சொல்வது டிபிகேஜியே. தனக்கு எந்த இடத்தில் வேலை நின்றது என்று அதற்குத் தெரியும்.

இங்கே இரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஆப்ட் என்பவர் வெளிவேலைக்காரர். எது எங்கே இருக்கிறது, அதற்குக் கூட வேறு என்னென்ன வேண்டும் என்று பார்த்து இணையத்தில் இருந்து கொண்டுவந்து போடுவார். டிபிகேஜி கடைக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை. வந்த பொதியைப் பிரித்து, அந்தந்த இடத்தில் அடுக்கி, கணக்கில் எழுதுகிறவர். டெபியன் என்ற லினக்ஸ் 1993இல் தொடங்கியது, ஆப்ட் வந்தது 1998இல். அதுவரை ஆப்ட் இல்லாமல்தான் கணக்குப்பிள்ளை வேலை பார்த்தார். உபுண்டு அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் அதே ஏற்பாடு.

இப்போது பூட்டு. நீங்கள் அழித்த பைல்களுக்குள் ஒன்றும் கிடையாது, பூஜ்ய பைட். பூட்டு அந்தப் பைல் அல்ல. ஒரு வேலை அந்தப் பைலைத் திறந்து "இது இப்போது என் கையில்" என்று கேர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையத்திடம், சொல்லி வைத்திருக்கும், அதுதான் பூட்டு. நீங்கள் பைலை அழித்தபோது அன்அட்டெண்டெட்டின் கையில் இருந்தது அப்படியே இருந்தது. பெயர் மட்டும் போனது. பிறகு உங்கள் ஆப்ட் வந்து, பைலைக் காணவில்லையே என்று அதே பெயரில் புதிதாக ஒன்றை உண்டாக்கி, அதைத் தன் கையில் வைத்துக்கொண்டது. இரண்டு பேரும் தங்களிடம்தான் சாவி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரே கணக்கில் எழுதத் தொடங்கினார்கள். உடனே வேலை செய்தது என்று சந்தோஷப்பட்டீர்களே, அந்த இடம்தான் ஆபத்து. உண்மையைச் சொன்னால் கரண்ட் போனது உங்கள் அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம்.

காலையில் ஏன் குந்துகிறது? பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகப் போடுகிற வேலை அது. காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் ஏதோ ஒரு நேரம் ஓடும்படி உபுண்டு வைத்திருக்கிறது. அந்த நேரம் மெஷின் நிறுத்தியிருந்தால், தவறவிட்டதை எழும்பியபிறகு செய்யும். நீங்கள் இரவில் நிறுத்திவிட்டுப் போவீர்கள், எட்டே முக்காலுக்குப் போடுவீர்கள், அது பாவம் அப்போதுதான் தொடங்கும். ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரம் விட்டால் முடிந்துவிடும். நீங்கள் சாம்பிராணி காட்டும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டினாலும் சரி.

செய்யவேண்டியது:

சூடோ டிபிகேஜி --கொன்பிகர் -ஏ

அது முடிந்ததும்,

சூடோ ஆப்ட் --பிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டோல்

இரண்டாவது கட்டளை எதையாவது நீக்கப்போகிறேன் என்று பட்டியல் காட்டினால் அந்த இடத்தில் நிறுத்தி இங்கே எழுதுங்கள். சம்மதம் என்பதற்கான வை எழுத்தைத் தட்டவேண்டாம். 2021இல் பெயர்பெற்ற யூடியூபர் ஒருவர் பொப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப் போய், டெஸ்க்டொப் முழுவதையும் கழற்றிவிட்டார். அந்தப் பெக்கேஜில் ஒரு பிழை இருந்தது, ஆனால் ஆப்ட் சும்மா இருக்கவில்லை. மெஷினுக்கு முக்கியமானதை நீக்கப் போகிறேன் என்று எச்சரித்து, வை மட்டும் போதாது, "ஓம், நான் சொல்கிறபடி செய்" என்று முழு வசனத்தையும் ஆங்கிலத்தில் தட்டு என்று கேட்டது. தட்டினார்.


கொப்பிக்கடை மாமா, வெள்ளவத்தை

மகள், மிக்க நன்றி. கடைக் கணக்குப்பிள்ளை என்று சொன்னதும் பாதி பயம் போய்விட்டது. தைரியமாக முதல் கட்டளையைக் கொடுத்தேன்.

முழுப் பயமும் திரும்பி வந்துவிட்டது.

டிபிகேஜி பிழை, /வார்/லிப்/டிபிகேஜி/அப்டேட்ஸ்/0007 என்ற பைலை வாசிக்கும்போது, 0ஆம் வரிக்குப் பக்கத்தில், புலத்தின் பெயரில் புதுவரி வந்திருக்கிறது, ஹாஷ் பேடிங் என்று ஏதோ. பூஜ்யமாவது வரி எப்படி இருக்கும்? நான் முப்பது வருடமாகத் தட்டச்சு செய்கிறேன், முதல் வரிக்கு முன்னால் ஒரு வரியைக் கண்டதில்லை.

இரண்டாவது கட்டளையும் அதே பிழையைச் சொல்லி நின்றுவிட்டது. எதையும் நீக்குகிறேன் என்று கேட்கவில்லை. வை தட்டச் சந்தர்ப்பமே வரவில்லை.


நீலத்திரை

நான் அப்போதே சொன்னேன். :)


இரவுப்பணி, மருதானை

தம்பி, பொறு.

ஐயா, இந்தப் பிழை வந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இது தெரிந்த வியாதி.

என் அப்பா புறக்கோட்டையில் மொத்த வியாபாரத்தில் இருந்தவர். மிளகாய், மல்லி, பருப்பு. பகல் முழுக்க வருவது போவது எல்லாம் சிட்டையில் கிறுக்குவார். இரவு கடையைச் சாத்தியபிறகு சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேட்டைப் பகலில் யாரும் தொடக்கூடாது. வெங்காயக் கையோடு தொட்டேன் என்று எனக்கு ஒருமுறை அடி விழுந்திருக்கிறது.

டிபிகேஜியும் இதே முறைதான். பேரேடு என்பது /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் என்ற ஒரே ஒரு பெரிய பைல். உங்கள் மெஷினில் உள்ள ஒவ்வொரு பெக்கேஜுக்கும் அதில் ஒரு பதிவு உண்டு: பெயர், பதிப்பு, முழுதாக நிறுவியதா, பிரித்து வைத்து அமைக்காமல் இருக்கிறதா என்று. வெறும் எழுத்துதான், லெஸ் என்ற கட்டளையைப் போட்டு நீங்களே வாசிக்கலாம். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் அவ்வளவு பெரிய பைலைத் திருப்பி எழுதினால் மெதுவாகும் என்பதால், மாற்றங்களை முதலில் அப்டேட்ஸ் என்ற போல்டரில் 0001, 0002 என்று துண்டு துண்டாக எழுதும். அதுதான் சிட்டை. இடையிடையே அவற்றைப் பேரேட்டில் ஏற்றிவிட்டுத் துண்டுகளைக் கிழித்துப் போட்டுவிடும்.

உங்களுக்கு 0007ஐ எழுதும்போது கரண்ட் போயிருக்கிறது, அல்லது இரண்டு ஆட்கள் சேர்ந்து கிறுக்கியிருக்கிறார்கள். எதுவானாலும் சிட்டைத் துண்டு ஒன்று நனைந்துவிட்டது, பேரேடு உலர்ந்துதான் இருக்கிறது. பேரேடு கெட்டிருந்தால் பிழையில் ஸ்டேட்டஸ் என்ற பெயர் வந்திருக்கும். அப்படி வந்திருந்தாலும் வழி இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்டேட்டஸ்-ஓல்ட் என்று முந்தின பிரதி ஒன்று இருக்கும், /வார்/பேக்கப்ஸ் போல்டரில் முந்தைய நாட்களின் பிரதிகளும் சுருக்கி வைத்தபடி கிடக்கும். இது பலருக்குத் தெரியாது, தெரியாமல்தான் மெஷினை அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள். தம்பிக்குச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

இனி ஒவ்வொன்றாக. கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் மெஷினை ஒருமுறை நிறுத்திப் போட்டு, இருபது நிமிடம் சும்மா விடுங்கள். பின்னணியில் வேறு யாரும் டிபிகேஜியோடு மல்லுக்கட்டவில்லை என்று நிச்சயமாகவேண்டும். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி:

சூடோ சிபி -ஏ /வார்/லிப்/டிபிகேஜி /ரூட்/டிபிகேஜி-பிரதி

இப்போது கெட்ட சிட்டையை ஒதுக்கி வைக்கிறோம். ஆர்எம் போட்டு அழிக்கிற பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது போல் தெரிகிறது, அதனால் இடம் மட்டும் மாற்றுகிற எம்வி:

சூடோ எம்கேடிர் /ரூட்/சிட்டை
சூடோ எம்வி /வார்/லிப்/டிபிகேஜி/அப்டேட்ஸ்/* /ரூட்/சிட்டை/

நட்சத்திரத்துக்கு முன்னால் அப்டேட்ஸ் என்றும் சரிவு கோடும் இருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். அப்டேட்ஸ் போல்டர் இருக்கவேண்டும், உள்ளே இருப்பவைதான் போகவேண்டும். பிறகு பழையபடி,

சூடோ டிபிகேஜி --கொன்பிகர் -ஏ
சூடோ ஆப்ட் --பிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டோல்
சூடோ டிபிகேஜி --ஓடிட்

கடைசியில் வருவது தணிக்கை. அது ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தால் கணக்கு நேர். ஏதாவது பெக்கேஜின் பெயரைச் சொன்னால், சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் --ரீஇன்ஸ்டோல் போட்டு அந்தப் பெயரைக் கொடுங்கள். சிட்டையை ஒதுக்கியதால் கடைசிச் சில பதிவுகளைக் கணக்குப்பிள்ளை மறந்திருப்பார். செய்த வேலையைத் திரும்பச் செய்வார், அதில் நட்டமில்லை.

பூஜ்யமாவது வரி: பைலின் முதல் வரியிலேயே குழம்பிவிட்டது, ஒரு வரியைக்கூட முடிக்கவில்லை என்று அர்த்தம். தட்டச்சு மெஷினில் தாளைச் செருகும்போதே கிழிந்த மாதிரி.


கொப்பிக்கடை மாமா, வெள்ளவத்தை

மகள், போட்டேன். எம்வி வரியை மூன்று தரம் வாசித்தேன். மனைவியையும் வாசிக்கவைத்தேன், அவளுக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் அவள் கண் எனக்கு முன்னால் பிழை பிடிக்கும். நீங்கள் எழுதியதில் சரிவு கோட்டுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையில் இடைவெளி இல்லை, நான் கொப்பியில் இடைவெளி விட்டிருந்தேன். அவள்தான் காட்டினாள். அந்த இடைவெளியோடு தட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போது கேட்கப் பயமாக இருக்கிறது.

கொன்பிகர் -ஏ கொடுத்ததும் நாற்பது ஐம்பது வரி ஓடியது. பிக்ஸ்-புரோக்கன் இரண்டு பெக்கேஜை இறக்கவேண்டும் என்றது, நீக்குவதற்குப் பூஜ்யம் என்றது, வாசித்தேன், வை தட்டினேன். ஓடிட் கொடுத்தேன், ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தது. அதைப்போல அழகான மௌனத்தை நான் அண்மையில் காணவில்லை.

ஐபஸ்-எம்17என் போட்டேன். லொக் அவுட் பண்ணி உள்ளே வந்தேன். செட்டிங்கில் கீபோர்ட் பகுதியில் தமிழ் என்று தேடினால் ஒரு பெரிய வரிசை: தமிழ்99, தட்டச்சு, போனடிக், இன்ஸ்கிரிப்ட், அதற்குள் ரெங்கநாதன். கை தானாக ஓடுகிறது.

இப்போது இரண்டாவது மெஷின். மூலையில் ஸ்கேனருக்கு மட்டும் வைத்திருப்பது, இணையத்தில் மாட்டி மாதக்கணக்காகிறது. அதிலும் ரெங்கநாதன் வேண்டும். ரூட்டரில் மாட்டி, கால் மணித்தியாலம் பொறுத்து (பாருங்கள், படித்துவிட்டேன்) அதே இன்ஸ்டோல் கட்டளையைக் கொடுத்தேன். நாலு பெக்கேஜ் வந்தது, ஒன்றுக்கு மட்டும் 404, கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. ஒரு மெஷினுக்கு இருக்கிற பெக்கேஜ் மற்ற மெஷினுக்கு எப்படி இல்லாமல் போகும்? இரண்டும் ஒரே மருமகன் போட்டதுதானே.


தெஹிவளை மாஸ்டர்

மாமா, சூடோ ஆப்ட் அப்டேட் கொடுத்தீர்களா? பந்தயம் கட்டுகிறேன், கொடுத்திருக்க மாட்டீர்கள். கால் மணித்தியாலம் பொறுத்தது நல்லது, ஆனால் உங்கள் மெஷின் அதற்குள் பட்டியலைத் தானாகப் புதுப்பித்திருக்கும் என்று நம்பமுடியாது.

அப்டேட் என்ற பெயரைப் பார்த்து எல்லோரும் ஏமாறுகிறார்கள். நான் பள்ளிக்கூடத்துக் கணினி கூடத்துக்குப் பொறுப்பு, ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தொண்டை வற்றுகிறது. அப்டேட் ஒரு மென்பொருளையும் தொடாது. என்னென்ன பெக்கேஜ், என்ன பதிப்பு, எந்தப் பைல் பெயர் என்ற பட்டியலை மட்டும் புதிதாகக் கொண்டுவரும். உண்மையில் மென்பொருளை மாற்றுவது அப்கிரேட். உங்கள் மூலை மெஷின் கையில் வைத்திருப்பது பழைய பட்டியல். அதில் உள்ள பைல் பெயரைச் சொல்லிக் கேட்கிறது. சேர்வரில் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்து, பழைய பைலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிட்டார்கள். அதனால் 404. போன வருடத்து விலைப்பட்டியலைக் கொண்டுபோய் மரக்கறிக் கடையில் நீட்டிய மாதிரி. அப்டேட் கொடுத்துவிட்டு இன்ஸ்டோல் கொடுங்கள், சரியாகிவிடும்.

அப்டேட் கொடுத்தும் எல்லாமே 404 என்றால் அது வேறு வியாதி: உபுண்டு பதிப்புக்கே ஆயுள் முடிந்திருக்கும். இடைப்பட்ட பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான் ஆயுள், அதற்குப்பிறகு அவற்றை ஓல்ட்-ரிலீசஸ் என்ற வேறு சேர்வருக்குத் தூக்கிவிடுவார்கள். உங்களுடையது 22.04, எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு, ஐந்து வருடம் உண்டு. அது உங்கள் பிரச்சினை அல்ல.

இன்னொன்று. மூன்று மெஷினிலும் ஒரே பெக்கேஜ்தான் போடுகிறீர்கள், மூன்று தரமும் டேட்டா எரிக்கிறீர்கள். எங்கள் கூடத்தில் பதினெட்டு மெஷின், ஒரே ஒரு இணைய டொங்கிள். எப்படிச் சமாளிக்கிறோம் என்றால், ஒரு மெஷினில் மட்டும்,

சூடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டோல் -டி ஐபஸ்-எம்17என்

என்று கொடுப்போம். -டி என்றால் இறக்கி மட்டும் வை, நிறுவாதே. இறங்கியவை /வார்/கேச்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் போல்டரில் டொட் டெப் என்று முடியும் பைல்களாக இருக்கும். அவற்றைப் பென் டிரைவில் ஒரு போல்டரில் போட்டு, மற்ற மெஷினில் அந்தப் போல்டருக்குள் போய்,

சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் ./*.டெப்

முன்னால் உள்ள புள்ளியும் சரிவு கோடும் கட்டாயம். அவை இல்லாவிட்டால் அதைப் பைல் என்று எடுக்காமல் ஒரு பெக்கேஜின் பெயர் என்று நினைத்து இணையத்துப் பட்டியலில் தேடும். எங்கள் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருமுறை இதில் மாட்டுவார்கள்.

இறக்கும் மெஷினில் ஏதாவது துணைப் பெக்கேஜ் ஏற்கெனவே இருந்தால் அது இறங்காது, மற்ற மெஷினில் அது இல்லாவிட்டால் அங்கே குறைபடும். அதனால் அதிகம் வெறுமையாக இருக்கும் மெஷினில் இறக்குவது புத்தி. உங்கள் கணக்கில் அது மூலை மெஷின்தான்.

ஏன் ஆப்ட்-கெட், ஏன் வெறும் ஆப்ட் இல்லை என்று கேட்பீர்கள். ஆப்ட் என்ற கட்டளை 2014இல்தான் வந்தது, மனிதர் கையால் தட்டுவதற்கு வசதியாக: நிறம், முன்னேற்றக் கோடு எல்லாம் காட்டும். ஆனால் நிறுவி முடித்ததும் இறக்கிய டெப் பைல்களை அழித்துவிடும். பழைய ஆப்ட்-கெட் வைத்திருக்கும். -டி போட்டால் இரண்டும் வைத்திருக்கும்தான், ஆனால் பிள்ளைகள் -டி போட மறந்துவிடுவார்கள் என்று நான் ஆப்ட்-கெட்டையே பழக்கிவிட்டேன். டிஸ்க் நிறைந்தால் சூடோ ஆப்ட் கிளீன்.


நீலத்திரை

சேர், இது எனக்குத் தெரியாது. நான் ஹொஸ்டலில் மூன்று பேருக்கும் தனித்தனியாகவே இறக்கிக்கொண்டிருந்தேன்.


இரவுப்பணி, மருதானை

மாஸ்டர் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பென் டிரைவில் வரும் டெப் பைலுக்கு இந்த வழியில் கையெழுத்துச் சோதனை கிடையாது. சேர்வரில் இருந்து ஆப்ட் தானே இறக்கும்போது, பட்டியலில் உபுண்டுவின் டிஜிட்டல் கையெழுத்தைப் பார்த்து, ஒவ்வொரு பைலும் பட்டியலில் சொன்னபடியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுத்தான் எடுக்கும். எந்த மிரரில், அதாவது எந்த நகல் சேர்வரில், இருந்து இறக்கினாலும் கவலையில்லை என்பது அதனால்தான். நீங்கள் கையால் கொடுக்கும் பைலை, நீங்கள் கொடுத்தீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக நம்பும். ஐயாவின் கடைக்கு வரும் பென் டிரைவ்களின் இலட்சணத்தை முதல் பந்தியிலேயே சொல்லிவிட்டார். இந்த வேலைக்கென்று ஒன்றைத் தனியாக வையுங்கள், வாடிக்கையாளர் கை படாமல்.

அந்த இடைவெளி விஷயம்: அப்டேட்ஸ் போல்டரே நகர்ந்திருக்கும், கூடவே நீங்கள் அப்போது நின்ற போல்டரில் இருந்த பைல்களும் எல்லாம் சிட்டைக்குள் போயிருக்கும். எம்வி என்பதால் திருப்பி எடுத்திருக்கலாம். ஆர்எம் என்றால் நானும் தம்பி பக்கம் போயிருப்பேன். அக்காவுக்கு என் வணக்கம்.


கொப்பிக்கடை மாமா, வெள்ளவத்தை

மாஸ்டர் பந்தயத்தில் வென்றார். அப்டேட் கொடுத்தேன், 404 போனது. மூன்றாவது மெஷினுக்கு டேட்டா செலவழிக்கவில்லை, மூலை மெஷினில் இருந்து சிவப்புப் பென் டிரைவில் கொண்டுபோனேன். முதல் தரம் புள்ளியை விட்டுவிட்டேன், அப்படி ஒரு பெக்கேஜ் இல்லை என்றது. இரண்டாம் தரம் சரி.

சிவப்புப் பென் டிரைவில் நூல் கட்டி லாச்சிக்குள் வைத்தாயிற்று. மனைவியிடம் மகள் சொன்ன வணக்கத்தைச் சொன்னேன். இனிமேல் எண்டர் தட்டுவதற்கு முன் தன்னைக் கூப்பிடவேண்டும் என்கிறாள்.

ஒரு வேடிக்கை. பூட்டு அழிந்துவிட்டதே என்று /வார்/லிப்/டிபிகேஜி போல்டரை எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தேன். லொக், லொக்-பிரண்டெண்ட் இரண்டும் அங்கேயே இருக்கின்றன, பூஜ்ய பைட். நான் அழித்ததே இல்லை என்கிற மாதிரி.

மருமகனுக்கு இந்தக் கதையை முழுதாக எழுதி அனுப்பினேன். அங்கே விடியற்காலை. "மாமா, யூபிஎஸ்ஸுக்கு பட்டரி வாங்குங்க" என்று மட்டும் பதில் வந்தது. நாளைக்கு யூனிட்டி பிளாசா பக்கம் போகிறேன். 12 வோல்ட், 7 அம்பியர்-மணித்தியாலம்தானே அதற்கு? மணி பிளான்டை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.


தெஹிவளை மாஸ்டர்

பெரும்பாலும் அதுதான், ஆனால் பழைய பட்டரியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். மேலே எழுதியிருக்கும்.